கார்ட்டூன்தானே என்று காட்டினேன். மகன் இப்போது என்னையே பார்த்துப் பயப்படுகிறான்

குழந்தை மனநல ஆலோசகர் பதில்

திருச்சியிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு ஒன்பது வயதில் ஒரு மகள், ஐந்து வயதில் ஒரு மகன். வகுப்புத் தோழிகள் எல்லோரும் பார்த்துவிட்டார்கள் என்று மகள் நச்சரித்ததால், ஒரு ஞாயிறு மாலை ‘கோரலைன்’ படத்தைத் தொலைக்காட்சியில் போட்டுவிட்டு இவர் சமையலறைக்குப் போய்விட்டார். பொம்மைகள் நடிக்கும் படம்; ரத்தம் இல்லை, வெட்டுக்குத்து இல்லை. தம்பியும் அக்காவை ஒட்டி உட்கார்ந்து முழுப் படத்தையும் பார்த்திருக்கிறான். அழவில்லை. மூன்றாம் நாள் ஆரம்பித்தது. பள்ளிச் சீருடையின் பொத்தானைப் போட விடுவதில்லை. தையல் மெஷின் இருக்கும் அறைப் பக்கம் போவதில்லை. பின்னிரவில் விழித்துக்கொண்டு, “ஊசி வருகிறது” என்று அழுகிறான். ஒருநாள் பருப்பு சாதம் ஊட்டிக்கொண்டிருந்தபோது வாயைத் திறக்காமல் அம்மாவின் முகத்தையே உற்றுப் பார்த்துவிட்டு, “நீ என் அம்மாதானே?” என்று கேட்டிருக்கிறான்.

இப்படியே இரண்டு வாரம் ஓடிவிட்டது. “மறுபடி ஒருமுறை முழுதாகப் போட்டுக் காட்டினால் பயம் தெளிந்துவிடும்” என்கிறார் கணவர். மாமியார் தர்காவுக்கு அழைத்துப்போய் மந்திரித்துக் கயிறு கட்டிக்கொண்டு வந்திருக்கிறார். வாசகியோ, பேய் பிசாசு வரும் எதுவும் இனி வீட்டில் கூடாது என்று தடை போட்டுவிட்டார். மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள். அடுத்த மாதம் சென்னையில் நாத்தனார் வீட்டுக்குப் போகிறார்கள்; அங்கே பெரிய பிள்ளைகள் ‘மான்ஸ்டர் ஹவுஸ்’ பார்க்கக் காத்திருக்கிறார்கள். மகனுக்கு நிரந்தரமாக ஏதும் ஆகிவிடுமா, சான்றிதழைப் பார்த்திருந்தால் தப்பித்திருக்கலாமா, இனி ஒரு படம் ஏற்றதா இல்லையா என்று எப்படித் தீர்மானிப்பது என்பவை அவருடைய கேள்விகள்.

உங்கள் மகனுக்கு நிரந்தரமாக எதுவும் ஆகிவிடவில்லை. நீங்கள் எழுதியிருக்கும் அத்தனையும் ஐந்து வயதில் நாங்கள் அடிக்கடி காண்பவைதான். பக்குவமாகக் கையாண்டால் பெரும்பாலும் சில வாரங்களில் தணிந்துவிடும். இரவு அழுகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. முன்னிரவில் திடீரென்று அலறி, நாம் கூப்பிட்டாலும் அடையாளம் தெரியாமல் திணறி, காலையில் எதுவுமே நினைவில்லை என்று சொல்லும் குழந்தைகள் உண்டு. அது தூக்கத்தில் வரும் திகில்; வேறு வகை. உங்கள் மகன் பின்னிரவில் விழித்து, என்ன கண்டான் என்று சொல்கிறான், உங்களைக் கட்டிக்கொண்டதும் அடங்குகிறான். இது கெட்ட கனவு. விளக்கைப் போட்டு, தண்ணீர் கொடுத்து, பக்கத்தில் படுத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் கனவை விசாரிக்க வேண்டாம், பகலில் பேசிக்கொள்ளலாம்.

“பார்க்கும்போது அழவில்லையே” என்று கடிதத்தில் இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அதைத் தைரியம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சின்னக் குழந்தைகள் பல சமயம் உறைந்துபோய்ப் பார்க்கிறார்கள். எழுந்து ஓடவும் தோன்றாது, அக்காவின் முன் அழவும் மனம் வராது. விளக்கணைத்துப் படுக்கும் நேரத்துக்காகப் பயம் காத்திருக்கும்.

அவனைப் பிடித்து உலுக்கியது எது?

ஹென்றி செலிக் இயக்கி 2009இல் வந்த படம் அது. பொம்மைகளை இம்மி இம்மியாக நகர்த்திப் புகைப்படம் எடுத்துச் செய்த அருமையான வேலைப்பாடு. கதாநாயகிக்குப் பதினொரு வயது. புது வீட்டுக்குக் குடிவருகிறாள், அப்பாவும் அம்மாவும் வேலையில் மூழ்கிக் கிடக்கிறார்கள். சுவரில் ஒரு சின்னக் கதவு. அதற்கு அப்பால் அச்சாக அதே வீடு, அங்கே இன்னொரு அம்மா. ருசியாகச் சமைக்கிறாள், சிரித்துப் பேசுகிறாள், சொந்த அம்மாவைவிட நன்றாகவே கவனித்துக்கொள்கிறாள். கண் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் கறுப்புப் பொத்தான்கள். எப்போதும் இங்கேயே இருக்க வேண்டுமானால் உன் கண்ணிலும் பொத்தானைத் தைக்க விடு என்கிறாள். மறுத்ததும் அந்த இனிய அம்மா மெல்ல மெல்ல எலும்பும் ஊசியுமான சிலந்தி உருவமாக மாறுகிறாள்.

இப்போது உங்கள் மகன் கேட்ட கேள்வியை மறுபடி படித்துப் பாருங்கள். அந்தக் கதையைப் புரிந்துகொண்ட ஓர் ஐந்து வயதுப் பிள்ளை கேட்க வேண்டிய நியாயமான கேள்வி அது. அம்மாவைப் போலவே இருந்து, அம்மாவைப் போலவே சோறு போட்டவள் அம்மா இல்லை என்று படம் அவனுக்குச் சொல்லியிருக்கிறது. எதிரே நீங்கள் சோறு ஊட்டிக்கொண்டிருக்கிறீர்கள். அவன் சரிபார்க்கிறான்.

திரையில் காண்பது குழந்தைகளை எப்படி அச்சுறுத்துகிறது என்பதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர் அமெரிக்கப் பேராசிரியர் ஜோஆன் கேன்டர். சாதுவான மனிதர் ஒருவர் கோபம் வந்தால் பச்சை நிறப் பூதாகர உருவமாக மாறும் ‘இன்க்ரெடிபிள் ஹல்க்’ தொலைக்காட்சித் தொடரை வைத்து அவரும் சக ஆய்வாளரும் 1980களில் ஓர் ஆய்வு செய்தார்கள். பள்ளி செல்லும் வயதை எட்டாத குழந்தைகள் அதிகம் பயந்தது அவர் உருமாறிய பிறகு. அந்தப் பச்சை உருவம் நல்லவர்களைக் காப்பாற்றத்தான் வருகிறது என்பது பெரிய பிள்ளைகளுக்குப் புரிந்தது; சின்னவர்களுக்கு உருவம்தான் எல்லாம். ஏழு வயதுக்குக் கீழே, எப்படித் தோன்றுகிறதோ அதுதான் அது. எட்டு ஒன்பது வயதில் பயத்தின் திசை மாறிவிடும்: திருடன், விபத்து, அப்பா அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்பது போன்ற, உண்மையில் நடக்கக்கூடியவை அவர்களைத் தொல்லைப்படுத்தும்.

ஒரே சோபாவில் உட்கார்ந்து உங்கள் மகள் ஒரு படத்தையும் மகன் வேறொரு படத்தையும் பார்த்திருக்கிறார்கள். அவள் பார்த்தது ஒரு துணிச்சல்காரச் சிறுமி பெற்றோரை மீட்ட கதை. அவனுக்குக் கிடைத்தது ஓர் அம்மாவின் முகம் மாறிய கதை.

சான்றிதழ் எவ்வளவு தூரம் உதவும்?

கொஞ்ச தூரம். ‘கார்ட்டூன் என்றால் குழந்தைகளுக்கு’ என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள்; அனிமேஷன் என்பது படமெடுக்கும் முறை மட்டுமே. இந்தப் படத்துக்கு அமெரிக்காவில் கொடுத்த குறி, பெற்றோர் வழிகாட்டல் தேவை என்பது. அச்சமூட்டும் காட்சிகளும் காரணமாகக் குறிப்பிடப்பட்டன. ஆனால் அந்தக் குறியில் வயது எதுவும் கிடையாது. ஐந்துக்கும் பதினொன்றுக்கும் ஒரே எச்சரிக்கைதான்.

நம் நாட்டில் திரையரங்குப் படங்களுக்குத் தணிக்கை வாரியம் யு, யு/ஏ, ஏ என்று கொடுத்துவந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2023இல் ஒளிப்பதிவுச் சட்டத்தைத் திருத்தி, யு/ஏ பிரிவை 7+, 13+, 16+ என மூன்றாக்கினார்கள். அது பெற்றோருக்கான அறிவிப்பு மட்டுமே. உங்கள் ஐந்து வயது மகனை 7+ படத்துக்கு அழைத்துப்போனால் வாசலில் யாரும் தடுக்க மாட்டார்கள். தீர்மானம் உங்களுடையது என்று சட்டமே விட்டுவிட்டது. ‘ஏ’ மட்டும்தான் உண்மையான தடை.

வீட்டில் இணையம் வழியே பார்க்கும் ஓடிடி தளங்களின் கதை வேறு. அங்கே வயதுக் குறியை இடுவது தணிக்கை வாரியம் அல்ல. 2021இல் வந்த விதிகளின்படி தளமே தன் படங்களை வகைப்படுத்திக்கொள்கிறது. 13+ மற்றும் அதற்கு மேற்பட்டவற்றுக்குப் பெற்றோர் பூட்டு வசதி தர வேண்டும் என்பது விதி. 7+ படங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. குழந்தைகளுக்கென்று தனிக் கணக்கு திறந்து, வயது வரம்பை நீங்களே அமைத்தால்தான் அவை வடிகட்டப்படும். படம் தொடங்கும்போது திரையின் ஓரத்தில் வயதுக் குறியோடு ‘பயம்’, ‘வன்முறை’ என்று சின்னதாக ஒரு வரி வரும். அதையும் தளங்கள் காட்டியே ஆக வேண்டும். பொதுவாக நாம் ரிமோட்டைத் தேடிக்கொண்டிருக்கும் நேரத்தில் அது வந்து போய்விடுகிறது.

என் அனுபவத்தில், வயதுக் குறிகள் ரத்தம், கெட்ட வார்த்தை, உடை ஆகியவற்றை எண்ணுவதில் கெட்டி. அம்மா வேறொருத்தியாக மாறுவது ஓர் ஐந்து வயதுப் பிள்ளையின் மனதில் எத்தனை கிலோ என்பதை நிறுக்கும் தராசு அவற்றிடம் இல்லை. ஆகவே குறியைப் பார்க்காததால்தான் இப்படி ஆயிற்று என்று நீங்கள் நொந்துகொள்ள வேண்டாம்.

மறுபடி போட்டுக் காட்டலாமா?

வேண்டாம். உங்கள் கணவர் சொல்வதில் ஓர் உண்மை இருக்கிறது: பயந்ததை விட்டு விலகிக்கொண்டே போனால் பயம் வளரும். ஆனால் எதிர்கொள்வது படிப்படியாக நடக்க வேண்டும், வேகத்தைக் குழந்தை தீர்மானிக்க வேண்டும். மடியில் பிடித்து வைத்து முழுப் படத்தையும் ஓட்டினால், பொத்தானோடு அப்பாவும் பயப்பட வேண்டியவர் ஆகிவிடுவார். அந்தப் படத்தின் அமைப்பும் நமக்கு எதிரானது. எல்லாம் முடிந்தது, பெற்றோர் மீண்டார்கள் என்று மூச்சுவிடும் நேரத்தில் அந்த ஊசிக் கை மட்டும் தனியாகக் கிளம்பி வரும். “முடிந்துவிட்டது என்றார்களே, மறுபடி வந்துவிட்டதே” என்ற பாடத்தை அவன் இரண்டாம் முறை படிக்கத் தேவையில்லை.

“அதெல்லாம் நிஜமில்லை கண்ணா” என்று தினமும் சொல்கிறேன், பலனில்லை என்கிறீர்கள். இந்த வயதில் பலன் குறைவுதான். கேன்டரின் இன்னோர் ஆய்வில், பயமுறுத்தும் காட்சிக்கு முன் ‘இது உண்மையில்லை என்று நினைத்துக்கொள்’ என்று சொன்னபோது ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகளுக்குப் பயம் குறைந்தது. மழலையர் பள்ளி வயதினருக்குக் குறையவில்லை. சின்னவர்களுக்கு வார்த்தையைவிட மடியும், கையில் பிடித்துக்கொள்ள ஒரு பொருளும், விளையாட்டும் வேலை செய்யும்.

ஆகவே பொத்தானை விளையாட்டுக்குள் கொண்டுவாருங்கள். பகல் வெளிச்சத்தில், கூடத்தில், உங்கள் பொத்தான் டப்பாவைத் தரையில் கொட்டுங்கள். அவனை அழைக்க வேண்டாம். நீங்களும் மகளும் நிறவாரியாகப் பிரியுங்கள். தாயம் விளையாடப் பொத்தானைக் காய்களாக வையுங்கள். அவன் தூரத்திலிருந்து பார்ப்பான். ஒருநாள் வந்து ஒரு சிவப்புப் பொத்தானைத் தள்ளிப்பார்ப்பான். பிறகு பழைய காலுறையில் ஒரு பொம்மை செய்து, கண்ணுக்குப் பொத்தானா, பொட்டா, ஸ்கெட்ச் பேனாவில் வரைவதா என்று அவனிடமே முடிவை விடுங்கள். அவன் பொட்டு என்றால் பொட்டு. அந்தப் பொத்தான் அம்மாவைப் படமாக வரையச் சொல்லி, அவளுக்கு மீசை வைக்கச் சொல்லுங்கள். மீசை வைத்துச் சிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அதுவரை பள்ளிக்குப் பொத்தானில்லாத பனியன் சட்டை போட அனுமதி கேளுங்கள்; வகுப்பு ஆசிரியரிடம் விஷயத்தைச் சொன்னால் புரிந்துகொள்வார்.

“நீ என் அம்மாதானே?” என்று மறுபடி கேட்டால் சிரிக்க வேண்டாம், கோபிக்கவும் வேண்டாம். “ஆமாம், கண்ணைத் தொட்டுப் பார்” என்று உங்கள் இமையை அவன் விரலால் தொட வையுங்கள்.

மாமியார் கட்டிய கயிறு இருக்கட்டும். பாட்டி எனக்காக ஏதோ செய்திருக்கிறாள் என்ற நம்பிக்கை அவனுக்கு ஒரு பிடிமானம். அவிழ்க்கச் சொல்லி வீட்டில் ஒரு சண்டையைக் கிளப்ப வேண்டாம். ‘சாப்பிடாவிட்டால் பூச்சாண்டி வருவான்’ என்பதை மட்டும் சில மாதங்களுக்கு நிறுத்திவைக்கச் சொல்லுங்கள்.

மகளுக்குப் போட்ட தடை

இதில் உங்களோடு உடன்பட மாட்டேன். ஒன்பது வயதுப் பெண் அந்தப் படத்தை ரசித்துப் பார்த்திருக்கிறாள், தூங்கியிருக்கிறாள், பள்ளிக்குப் போயிருக்கிறாள். அவளைப் பொறுத்தவரை தவறு எதுவும் நடக்கவில்லை. தம்பி பயந்ததற்கு அவளுக்குத் தண்டனை என்றால், அடுத்த முறை அவள் பயப்படும்போது உங்களிடம் சொல்ல மாட்டாள். தோழியின் வீட்டில், தோழியின் அண்ணன் கைபேசியில் பார்ப்பாள். நாமெல்லோரும் மின்வெட்டு இரவுகளில் கொள்ளிவாய்ப் பிசாசுக் கதை கேட்டு, பாட்டியின் முந்தானைக்குள் முகம் புதைத்து, “அப்புறம்?” என்று கேட்டு வளர்ந்தவர்கள்தான். பாதுகாப்பான இடத்தில் இருந்துகொண்டு பயந்து பார்ப்பது பிள்ளைகளுக்குத் தேவையான ஒரு பயிற்சி. தடையை நீக்கிவிட்டு, தம்பி விழித்திருக்கும்போது அந்த மாதிரிப் படங்கள் ஓடக் கூடாது என்று ஒரே ஒரு விதி வையுங்கள். அந்தப் பொம்மைகளை எப்படிச் செய்தார்கள் என்று காட்டும் காணொளிகளை அவளோடு பாருங்கள். கைக்குள் அடங்கும் பொம்மைக்கு ஊசிமுனை போன்ற கம்பிகளால் நிஜமாகவே ஸ்வெட்டர் பின்னியிருக்கிறார்கள். அவளுக்குப் பிடிக்கும்.

இனி எப்படித் தீர்மானிப்பது?

பேய்களை எண்ணாதீர்கள். ‘கோகோ’ என்ற 2017ஆம் ஆண்டுப் படம் முழுக்க எலும்புக்கூடுகள். ஆனால் அவை அந்தப் பையனின் பாட்டன் பூட்டிகள், அவன்மேல் பாசம் வைத்திருப்பவர்கள். பல சின்னக் குழந்தைகள் அதைச் சிரித்துக்கொண்டே பார்த்துவிடுகிறார்கள். ‘கோரலைன்’ படத்தில் எலும்புக்கூடுகளின் கூட்டம் இல்லை. உங்கள் வீட்டில் நடந்தது உங்களுக்குத் தெரியும். நான் பெற்றோரைக் கவனிக்கச் சொல்வது இவற்றைத்தான்:

*ஆபத்து யாரிடமிருந்து வருகிறது?* காட்டிலிருந்தோ கோட்டையிலிருந்தோ வரும் பூதம் ஒரு விதம். அம்மா, அப்பா, சொந்த வீடு, படுக்கை, பொம்மை ஆகியவையே ஆபத்தாக மாறினால் ஏழு வயதுக்குக் கீழே அது மிகக் கனமான படம். ‘ஸ்பிரிட்டட் அவே’ என்ற ஜப்பானிய அனிமேஷன் படம் எவ்வளவு உயர்ந்த படைப்பாக இருந்தாலும், தொடக்கத்திலேயே அப்பாவும் அம்மாவும் பன்றிகளாகிவிடுவதை உங்கள் மகன் இப்போது பார்க்க வேண்டியதில்லை.

*படம் முடிந்தபின் வீட்டில் என்ன மிஞ்சும்?* பெற்றோர் அதிகம் தவறவிடுவது இதைத்தான். டிராகன் படத்தோடு போய்விடும். பொத்தானும் கதவும் கண்ணாடியும் குளியலறைக் குழாயும் மறுநாள் காலையிலும் வீட்டில்தான் இருக்கும்.

*உங்கள் குழந்தை இதுவரை எதற்கெல்லாம் பயந்திருக்கிறான்?* புது வீடு கட்டும் இடத்தில் தொங்கும் திருஷ்டி பொம்மையைப் பார்த்து முகம் திருப்புபவனா, கிட்டே போய் நாக்கைத் தொட்டுப் பார்ப்பவனா? அண்மையில் வீட்டில் ஒரு சாவு, ஆஸ்பத்திரி, வீடு மாற்றம் நடந்திருக்கிறதா? பாட்டியை இழந்த ஒரு குழந்தைக்கு, கொள்ளுப்பாட்டியின் நினைவு மங்கிவரும் ‘கோகோ’கூட அந்த மாதத்தில் கடினமாக இருக்கலாம்.

முழுப் படத்தையும் முன்கூட்டிப் பார்க்க நேரமில்லை என்றால் முதல் பத்து நிமிடத்தையும் கடைசி இருபது நிமிடத்தையும் பார்த்துவிடுங்கள். ‘கோரலைன்’ படத்தின் பெயர் ஓடும்போதே ஊசி விரல்கள் ஒரு பொம்மையைப் பிரித்து, கண்ணைக் கழற்றி, உள்ளே இருப்பதை உருவுகின்றன. அந்த இரண்டு நிமிடமே உங்களுக்குப் போதுமானதாக இருந்திருக்கும். பகலில் பாருங்கள், படுக்கப்போகும் நேரத்தில் வேண்டாம். ஒலியைக் குறைத்து வையுங்கள். பயத்தில் பெரும்பங்கு இசையிலிருந்துதான் வருகிறது.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

ஒரு மாதத்துக்கு மேலும் தணியாமல் இருந்தாலோ, பள்ளிக்குப் போகவே மறுத்தாலோ, நின்றுபோன படுக்கை நனைப்பு மறுபடி தொடங்கினாலோ, சாப்பாடும் விளையாட்டும் குறைந்துகொண்டே போனாலோ காத்திருக்க வேண்டாம். குழந்தை மருத்துவரிடமோ, உங்கள் ஊர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவிலோ காட்டுங்கள். ‘டெலிமானஸ்’ என்ற அரசு மனநல உதவிச் சேவையின் 14416 என்ற கட்டணமில்லா எண்ணில் தமிழிலேயே பேசலாம். சில சமயம் படம் ஒரு சாக்கு மட்டுமே. பள்ளியிலோ வேறெங்கோ குழந்தையை வேறேதோ அச்சுறுத்தியிருக்கும், அது பொத்தானாக வெளியே வரும். அதையும் மனதில் வைத்திருங்கள்.

கடைசியாகச் சென்னைப் பயணம். ‘மான்ஸ்டர் ஹவுஸ்’ படத்தில் எதிர்வீடே வாயைத் திறந்து ஆட்களை விழுங்குகிறது. விழுங்கப்பட்டவர்கள் கடைசியில் உயிரோடு வெளியே வந்துவிடுகிறார்கள் என்றாலும், உங்கள் மகனுக்கு இந்த வருடம் அது வேண்டாம். மகள் பார்க்கலாம். பிடிக்காவிட்டால் பாதியில் எழுந்து வரலாம், யாரும் கேலி செய்ய மாட்டார்கள் என்று முன்பே அவளிடம் சொல்லி அனுப்புங்கள். நாத்தனாரிடம் ஊருக்குக் கிளம்புவதற்கு முன்பே, பிள்ளைகள் காதில் விழாமல், தொலைபேசியில் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். அங்கே போய்ச் சொன்னால் ‘பயந்தாங்கொள்ளி’ என்ற பட்டம் பையனுக்கு நிச்சயம். பக்கத்து அறையில் தூங்க வைக்கலாம் என்று நினைக்க வேண்டாம், சத்தம் கேட்கும். படம் ஓடும் நேரத்துக்கு அவனைக் கடற்கரைக்கு அழைத்துப்போகும் பொறுப்பை உங்கள் கணவரிடம் கொடுங்கள்.